நான் விட்டாலும் கம்பளி விடாது



ஆற்று வெள்ளத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று மிதந்து போயிற்றாம். கரையில் நின்ற ஒருவன் அதைக் கம்பளி மூட்டை என்று நினைத்து, ஆசை ஆசையாக நீந்திப் போய்க் கட்டிப் பிடித்தான். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது கம்பளி அல்ல, கரடி! கரையில் இருந்தவர்கள், "கம்பளி போனால் போகட்டும், விட்டுவிட்டு வா" என்று கத்தினார்கள். அவன் அழாக்குறையாகச் சொன்னானாம்: "நான் விட்டாலும் கம்பளி என்னை விடமாட்டேன் என்கிறதே!"

சின்ன வயதில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காதவர் யார்? ஆனால் சென்ற வாரம் எனக்கு வந்த ஒரு கடிதத்தைப் படித்தபோது இந்தக் கதை நினைவுக்கு வந்தது, சிரிப்பு வரவில்லை.

எழுதியவர் ஒரு தோட்டத்துச் சகோதரி. சம்பள நாளன்று வேனில் வந்த வியாபாரி ஒருவர், "அசல் கம்பளி அக்கா, வெளிநாட்டுச் சரக்கு, மாதம் 30 வெள்ளிதான்" என்று சொல்லி ஒரு தடித்த போர்வையை அவர் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முன்பணம் 50 வெள்ளி. பிறகு 12 மாதத் தவணை. குளிர் தாங்காத மாமனாருக்காக வாங்கினாராம். இரண்டே மாதத்தில் போர்வை முழுவதும் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டுவிட்டது. பெரியவரோ, "போர்த்தினால் வேர்க்கிறது, எடுத்தால் குளிர்கிறது" என்கிறார். இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கி. "இது கம்பளிதானா, அக்கா? கம்பளி என்றால் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்கிறார்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 30 வெள்ளி என்றால் காதுக்கு இனிமையாக இருக்கிறது. 12 மாதத்துக்கு 360 வெள்ளி. முன்பணத்தோடு 410 வெள்ளி. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றார்கள் நம் பெரியவர்கள். தவணையில் எதை வாங்கினாலும் முதலில் பெருக்கிப் பாருங்கள், பிறகு பேசுங்கள். இந்த மாதம் கம்பளியைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

உங்களுக்குக் கம்பளி தேவையா?

முதலில் இந்தக் கேள்வியை மனத்தைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலாங்கூரிலோ கெடாவிலோ ஜொகூரிலோ கீழ்நாட்டுத் தோட்டத்தில் மின்விசிறி மட்டும் உள்ள வீட்டில் குடியிருப்பவருக்குக் கம்பளி வேண்டியதில்லை. விடியற்காலைக் குளிருக்குப் பருத்திப் போர்வையும் ஒரு கைலியும் போதும். மழைக்காலத்துக்கு நம் வீடுகளில் இருக்கும் தோத்தோ விரிப்பே தாராளம். அந்தக் காசைப் பிள்ளைகளின் படிப்புக்கு வையுங்கள்.

அப்படியானால் யாருக்குத் தேவை? கேமரன் மலை போன்ற மேட்டு நிலத்தில் வசிப்பவருக்கு. அங்கே தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. இரவில் நன்றாகவே குளிரும். அடுத்து, குளிர்சாதன அறையில் படுக்கும் முதியவர்களுக்கு. மூன்றாவதாக, குளிர் நாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு. இந்த மூன்றில் நீங்கள் அடங்கினால் மேலே படியுங்கள். அடங்காவிட்டாலும் படியுங்கள்; பக்கத்து வீட்டுக்குச் சொல்ல உதவும்.

கம்பளியில் என்ன விசேஷம்?

கம்பளி என்பது ஆட்டு ரோமம். நம் தலைமுடி எந்தப் பொருளால் ஆனதோ அதே வகைப் பொருளால் ஆனது. ஒவ்வோர் இழையும் நேராக இல்லாமல் சுருள் சுருளாக இருக்கும். அந்தச் சுருள்களுக்கு இடையே காற்று அடைபட்டுக் கொள்கிறது. உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அந்தக் காற்றுதான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் கம்பளி தொட்டால் ஈரமாகத் தெரியாது. தூக்கத்தில் வரும் வேர்வையை அது வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடும். அக்ரிலிக், பாலியெஸ்டர் போன்ற செயற்கை நூல்களுக்கு இந்தக் குணம் மிகக் குறைவு. "போர்த்தினால் வேர்க்கிறது, எடுத்தால் குளிர்கிறது" என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அதன் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, நெருப்பு. கம்பளி எளிதில் பற்றாது. பற்றினாலும் உருகி உடம்பில் ஒட்டாது. செயற்கைப் போர்வை உருகி ஒட்டிக்கொள்ளும். படுக்கையில் சுருட்டுப் பிடிக்கும் தாத்தா உள்ள வீட்டிலும், கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி கொளுத்தும் வீட்டிலும் இதை மறக்கக்கூடாது. அதற்காகக் கம்பளி இருக்கிறதென்று சுருட்டை அனுமதித்துவிடாதீர்கள்!

நம் முன்னோருக்குக் கம்பளி புதிதல்ல. தமிழகத்திலும் கன்னட நாட்டிலும் ஆடு மேய்க்கும் குறும்பர்கள் கறுப்புக் கம்பளி நெய்வதில் பேர்போனவர்கள். அந்தச் சொரசொரப்புக் கம்பளி மேய்ப்பனுக்கு மழையில் குடையாகவும் இரவில் பாயாகவும் உதவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களுக்கும் கம்பளிதான் மலைக்குளிரில் துணை. அதையும் சும்மா கொடுக்கவில்லை. தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதினார்கள். ஆக, கம்பளியும் கடனும் சேர்ந்து வருவது நமக்கு இன்று நேற்றுப் பழக்கமல்ல.

பார்த்து வாங்குவது எப்படி?

கடையில் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்று, நெய்த கம்பளிப் போர்வை. மற்றொன்று, இரண்டு பருத்தித் துணிகளுக்கு இடையே கம்பளியை அடைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்த மெத்தைப் போர்வை. கடைக்காரர்கள் 'குவில்ட்' என்பார்கள். நெய்தது நீண்ட நாள் உழைக்கும், ஆனால் தோலைக் குத்தும். மெத்தைப் போர்வை மெத்தென்று இருக்கும், குத்தாது; துவைப்பதுதான் சிரமம்.

முதலில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். '100% வூல்' அல்லது 'பியூர் நியூ வூல்' என்று இருந்தால் முழுக் கம்பளி. 'வூல் பிளெண்ட்' என்றால் கலப்பு. எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். 'அக்ரிலிக்', 'பாலியெஸ்டர்', 'மைக்ரோஃபைபர்' என்றால் அதில் ஆட்டு ரோமம் ஓர் இழைகூட இல்லை. 'மிங்க்' என்ற பேரில் விற்கும் பளபளப்பான பூப்போட்ட போர்வைகளும் பெரும்பாலும் செயற்கையே. நூற்கண்டு போல் சுழன்ற 'வூல்மார்க்' சின்னம் 1964 முதல் வழக்கில் உள்ளது. அது இருந்தால் நல்லது.

மெத்தைப் போர்வையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. '100% காட்டன்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது மேல்துணியைப் பற்றியது. உள்ளே அடைத்தது எது என்பதைச் சிறிய எழுத்தில் 'ஃபில்லிங்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தேடுங்கள். அங்கே 'பாலியெஸ்டர்' என்று இருந்தால், கம்பளி விலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது கனம். ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். 200 முதல் 250 வரை என்றால் லேசானது. குளிர்சாதன அறைக்குப் போதும். 300 முதல் 400 வரை மலைநாட்டுக்கு ஏற்றது. 500 என்பது பனி பெய்யும் நாட்டுக்கு. 150 சென்டிமீட்டர் அகலம், 200 சென்டிமீட்டர் நீளம் உள்ள ஒரு போர்வை 3 சதுர மீட்டர். 300 கிராம் கம்பளி என்று போட்டிருந்தால் உள்ளே 900 கிராம் கம்பளி இருக்கவேண்டும். கையில் தூக்கினால் காற்றாய்ப் பறந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு கைப் பரீட்சை. போர்வையின் ஒரு மூலையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். நல்ல கம்பளி சுருங்கிக் கிடக்காது. மெல்ல எழுந்து பழைய நிலைக்கு வரும். நெய்த போர்வையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழைகள் ஒரே சீராக இருக்கவேண்டும். மெத்தைப் போர்வையில் தையல் கட்டங்கள் மிகப் பெரியதாக இருக்கக்கூடாது. பெரிய கட்டமென்றால் உள்ளே இருப்பது நாளடைவில் ஓர் ஓரமாகத் திரண்டு, நடுவில் வெறும் துணிதான் மிஞ்சும்.

கடைசிப் பரீட்சை நெருப்பு. நெய்த போர்வையாக இருந்தால், ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி எடுங்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு, இடுக்கியால் நூலைப் பிடித்து அதன்மேல் கொளுத்துங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். கம்பளியானால் தயங்கித் தயங்கி எரியும். நெருப்பை எடுத்ததும் அணையும். தலைமுடி கருகிய நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை நூலானால் உருகிச் சொட்டும். ஆறியதும் கல் மாதிரி கெட்டியான மணியாக நிற்கும். பருத்தியானால் காகிதம் எரியும் வாசம். தவணைச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன்பே, "ஒரு நூல் உருவிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அசல் சரக்கு விற்பவர் தயங்கமாட்டார்.

என் கை செய்த பாவம்

துவைப்பதைப் பற்றி எழுதும் முன் என் கதையைச் சொல்லியாகவேண்டும்.

நான் பிறந்தது பேராவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். 1975இல் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். புறப்படும்போது அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த ஒரு கறுப்புக் கம்பளியை எடுத்துக் கொடுத்தார். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு வந்தபோது தோளில் போட்டு வந்தது அது. தாத்தாவின் ஊரும் பேரும் சொல்ல எங்களிடம் வேறு எந்தப் பொருளும் இல்லை. "அங்கே குளிருமாம், பாப்பா. வச்சுக்கோ" என்றார் அம்மா.

1978 பிப்ரவரி முதல் தேதி. என் மூத்த மகனுக்கு அப்போது நான்கு மாதம். அன்றிரவு அடித்த குளிரை எழுத்தில் சொல்ல முடியாது. பலகை இடுக்கெல்லாம் ஊசியாய்க் குத்தியது. என் வீட்டுக்காரர் விடிய விடிய அடுப்பைப் பார்த்துக்கொண்டார். நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, கம்பளியை என் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, கண் மூடாமல் உட்கார்ந்திருந்தேன். 7.8 டிகிரி வரை இறங்கியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இந்த நாட்டு வானிலைக் கணக்கில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுதான். விடிந்தபோது பிள்ளை சூடாக, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

பால் கக்கி, கம்பளியில் வாடை வந்துவிட்டது. எனக்கு அப்போது என்ன தெரியும்? துணியென்றால் கொதிக்கிற தண்ணீர், கட்டிச் சவுக்காரம், சலவைச் சோடா, கல். மற்றத் துணிகளைப் போலவே ஊறவைத்து, அடித்து, முறுக்கிப் பிழிந்து, நல்ல வெயிலில் காயப்போட்டேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் ஆள் உயரக் கம்பளி ஒரு பிள்ளைப் பாய் அளவுக்குச் சுருங்கி, அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. இழுத்துப் பார்த்தேன், அழுதுகொண்டே இழுத்தேன். வரவில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு அம்மா மலைக்கு வந்தார். கம்பளியை அவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தேன். அம்மாக்களிடம் எதை ஒளிக்க முடியும்? எடுத்தார், விரித்தார், தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். "போனது போகட்டும் பாப்பா. புள்ள நல்லா இருக்கானில்ல? அதுக்குத்தானே கம்பளி" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

ஏன் அப்படிச் சுருங்கியது? கம்பளி இழையின்மேல் மீன் செதிள் போல நுண்ணிய செதிள்கள் இருக்கின்றன. சூடான தண்ணீரும் சவுக்காரமும் அடியும் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஏறி, செதிள்கள் மாட்டிக்கொள்ளும். மாட்டியது பிறகு விடாது. சலவைச் சோடா கம்பளியையே அரிக்கும். குளோரின் கலந்த வெளுப்புத் தண்ணீரோ அதைக் கரைத்தேவிடும்.

துவைக்கும் முறை

முதல் விதி, அடிக்கடி துவைக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். அதற்கு வழி, உறை போடுவது. பழைய கைலிகள் இரண்டை ஓரம் சேர்த்துத் தைத்தால் அருமையான உறை. உறையை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைக்கலாம். தூசிப் பூச்சியால் மூச்சிரைப்பு வரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது மிக அவசியம்.

காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து வைக்காதீர்கள். இரவு வாங்கிய ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உதறி, காற்றோட்டமான நிழலில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். உச்சி வெயில் வேண்டாம்; கம்பளி மஞ்சளித்து நொறுங்கும்.

பாலோ கஞ்சியோ சிந்தினால் உடனே பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிள்ளையோ முதியவரோ சிறுநீர் கழித்துவிட்டால், பச்சைத் தண்ணீரால் ஒற்றிவிட்டு, ஒரு பங்கு வெள்ளைக் காடியில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள். நாம் கடையில் 'சூக்கா' என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். வாடை போய்விடும். காடியின் புளிப்பு கம்பளிக்குக் கெடுதல் செய்யாது. சோடாவின் காரம்தான் எதிரி.

முழுதாகத் துவைக்க வேண்டியபோது முதலில் சீட்டைப் பாருங்கள். தண்ணீர் கூடாது என்று போட்டிருந்தால் உலர்சலவைக்குக் கொடுப்பதே வழி. துவைக்கலாம் என்றிருந்தால், பிள்ளையைக் குளிப்பாட்டும் பெரிய பேசினில் கைச்சூட்டைவிடக் குறைந்த தண்ணீர், அதாவது 30 டிகிரிக்கு மேற்படாமல், எடுத்துக்கொள்ளுங்கள். கம்பளிக்கென்றே விற்கும் திரவச் சவுக்காரத்தை அதில் கரையுங்கள். சாதாரணச் சலவைத் தூள்களில் கறை தின்னும் நொதிகள் இருக்கும். பால் கறையைத் தின்பது கம்பளியையும் தின்னும். போர்வையை அமுக்கி அமுக்கி எடுங்கள், பத்து நிமிடம் போதும். அதே சூட்டிலுள்ள தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், பெரிய துண்டில் வைத்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அமுக்குங்கள். பிறகு நிழலில் பாயின்மேல் விரித்துக் காயவிடுங்கள். ஈரக் கம்பளியைக் கொடியில் ஒரே இடத்தில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே நீண்டு உருமாறும்.

பட்டணத்துச் சகோதரிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இப்போது தெருவுக்குத் தெரு காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகள் இருக்கின்றன. தோத்தோவுக்கு அவை நல்லவைதான். கம்பளியை மட்டும் அந்தச் சூட்டு உலர்த்தியில் போட்டுவிடாதீர்கள். சூடும் உருட்டலும் சேர்ந்தால், நான் கல்லில் அடித்துச் செய்ததை அந்த மிஷின் அரைமணி நேரத்தில் செய்து முடித்துவிடும்.

பூச்சியும் வெள்ளை உருண்டையும்

நம் வீட்டுச் சுவர்களில் பூசணி விதை மாதிரி தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கூடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உற்றுப் பார்த்தால் அதற்குள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டி, கூட்டையும் இழுத்துக்கொண்டு நகரும். அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் அதற்கு ஆகாரம். கம்பளியில் ஓட்டை போடுவது பறக்கும் பூச்சியல்ல, இந்த மாதிரிப் புழுக்களே. ஆகவே ஒட்டடை அடிப்பதே முதல் காவல். இரண்டாவது காவல், அழுக்கோடு மடித்து வைக்காமல் இருப்பது. வேர்வையும் கஞ்சிக் கறையும் உள்ள இடத்தைத்தான் புழு முதலில் தேடும்.

நன்கு காய்ந்த போர்வையைப் பருத்தித் துணியில் மூட்டை கட்டி வையுங்கள். இறுக்கமான பிளாஸ்டிக் பையில் சிறிது ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை பிரித்து உதறுங்கள். புழு வந்துவிட்டதென்று சந்தேகமா? பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்உறைப் பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். காய்ந்த வேப்பிலையும் கிராம்பும் பூச்சியை ஓரளவு விரட்டலாம். உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது.

இப்போது நான் சொல்லப் போவதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். துணிப்பெட்டியில் போடும் வெள்ளை உருண்டையை நாம் 'காப்பூர் பாரூஸ்' என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். அதில் பெரும்பாலும் இருப்பது நாஃப்தலின் என்ற மருந்து. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். நம் அரசாங்க மருத்துவமனைகளில் பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் 'ஜி6பிடி' என்ற பரிசோதனை செய்கிறார்கள். அந்தச் சத்துக் குறைவோடு பிறக்கும் பிள்ளைகள் எல்லா இனத்திலும் உண்டு, ஆண்பிள்ளைகளிடம் அதிகம். அத்தகைய பிள்ளை நாஃப்தலின் வாடை ஏறிய துணியில் படுத்தாலே இரத்த அணுக்கள் உடைந்து, கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். காமாலை மூளையைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் காது கேளாமை போன்ற குறை நிலைத்துவிடலாம். பிள்ளை வருகிறதென்று பாட்டி ஆசையாகப் பெட்டியிலிருந்து எடுத்துப் போர்த்தும் போர்வையிலிருந்தே இது வரக்கூடும். பிள்ளையின் கண்ணோ தோலோ மஞ்சளித்தால், சிறுநீர் கறுத்தால், பால் குடிக்காமல் சோர்ந்தால், மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். "பெட்டியில் உருண்டை போட்டிருந்தோம்" என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தையைத் தனியே தூங்க வைக்கும்போது கம்பளியோ மெத்தைப் போர்வையோ போர்த்தாதீர்கள். முகத்தை மூடினால் விலக்கத் தெரியாது. குளிரானால் சட்டைக்குமேல் சட்டை போட்டுவிடுங்கள்.

முதியவர்களுக்குத் தோல் மெலிந்திருக்கும். கம்பளிக்கு அடியில் ஒரு பழைய வேட்டியை விரித்துப் போர்த்தினால் அரிக்காது. இனிப்பு நீர் உள்ளவர்களின் காலுக்குச் சுடுதண்ணீர்ப் புட்டி வைக்காதீர்கள்; உணர்ச்சி குறைந்த பாதம் வெந்துபோனாலும் அவர்களுக்குத் தெரியாது. காலுறையே போதும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

தங்கையே, முதலில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். உருகி மணியானால், உங்களுக்கு விற்றது கம்பளியல்ல. செயற்கைச் சரக்கை அசல் கம்பளி என்று சொல்லி விற்பது 2011 ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். வீடு தேடி வந்து விற்பதற்கும் 1993 முதல் சட்டம் இருக்கிறது; எழுத்தில் ஒப்பந்தம் தருவது, மனம் மாறினால் ரத்துச் செய்யச் சில நாள் அவகாசம் கொடுப்பது போன்ற காப்புகள் அதில் உண்டு. தவணைச் சீட்டு, ரசீது, போர்வையின் சீட்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். வியாபாரி அடுத்த தவணைக்கு வரும்போது, வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டாரையும் வைத்துக்கொண்டு நேராகக் கேளுங்கள். சண்டை வேண்டாம். அவர் மழுப்பினால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் வைக்கவேண்டிய தேவையில்லை. நம்மால் அங்கெல்லாம் போகமுடியுமா என்று தயங்காதீர்கள். அது நம்மைப் போன்றவர்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையிலிருந்த மனிதனைப் பிடித்தது கரடி. உங்களைப் பிடித்திருப்பது ஒரு காகிதம். அதை விடுவிக்க வழி உண்டு.

என் அம்மாவின் கம்பளி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அந்தத் தீபாவளி விடுமுறையிலேயே அம்மா அதை வெட்டினார். அப்படி இறுகிப்போன கம்பளி ஒரு விதத்தில் நல்லது. வெட்டினால் ஓரம் பிரியாது. என் மகனுக்குக் கையில்லாத சட்டை ஒன்று தைத்தார். அவனுக்குப் பிறகு அவன் தம்பியும் தங்கையும் அதையே போட்டார்கள். மிஞ்சிய துண்டில் அடுப்புப் பானை பிடிக்கும் துணி இரண்டு. கடைசித் துண்டு, உள்ளங்கை அளவு, இன்றும் என் தையல் மிஷின் இழுப்பறையில் ஊசி குத்தி வைக்கும் மெத்தையாக இருக்கிறது. ஒவ்வொரு முறை ஊசி எடுக்கும்போதும் அம்மாவின் குரல் கேட்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியிலும் இப்படி ஒன்று இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து, உதறி, நிழலில் போடுங்கள். அது யார் போர்த்தியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உங்களிடமும் கம்பளிக் கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் வேறு ஒரு வீட்டுச் செய்தியோடு சந்திப்போம். வணக்கம்.